சுண்ணாம்புக்குளத்துக்கு வந்த ஷியா வெண்ணெய்

பழவேற்காடு
பவ வருஷம், ஐப்பசி 12

சௌபாக்கியவதி பவுனம்மாளுக்கு உன் புருஷன் தருமலிங்கத்தின் ஆசீர்வாதம்.

உன் தம்பி வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாயா? ஒல்லாந்தர் கோட்டையில் துபாஷி வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. நேரில் வர முடியவில்லை. மாரியின் படகில் ஒரு சட்டி அனுப்பியிருக்கிறேன். கப்பல் வைத்தியர் கொடுத்தது. ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் ஷியா என்று ஒரு மரமாம். அதன் கொட்டையை வறுத்து இடித்துப் பெண்கள் கடைந்தெடுக்கும் வெண்ணெய். குளித்ததும் ஈரம் காய்வதற்குள் தடவு. உன் கை வெடிப்பு மூடும் என்கிறார். தோல் தெளிந்துவிட்டால் அம்மாவிடம் பேசி உன்னை அழைத்துக்கொள்கிறேன். குழந்தை காந்தா உன்னையே கேட்கிறாள்.

தருமலிங்கம்

சுண்ணாம்புக்குளம்
ஐப்பசி 20

பிரியமுள்ள மாமாவுக்குப் பவுனு எழுதிக்கொண்டது.

சட்டி வந்து சேர்ந்தது. கட்டியாக இருந்தாலும் உள்ளங்கைச் சூட்டில் உருகிவிடுகிறது. லேசாகப் புகை வாசனை. தடவித் துணி சுற்றிக்கொண்டால் அரிப்பு அடங்கித் தூக்கம் வருகிறது. இங்குள்ள வைத்தியர் என் விரலில் முள்ளால் குத்தினார். நான் கத்திவிட்டேன். "உணர்ச்சி கீதும்மா, இது குஷ்டம் இல்ல. உப்புத்தண்ணியிலயும் காத்துலயும் தோல் வறண்டு வெடிச்சிக்கீது"னு சொன்னார். தயவுசெய்து இதை அத்தையிடம் சொல்லுங்கள். காந்தாவுக்கு யார் தலை வாரிவிடுகிறார்கள்?

உங்கள் பவுனு

பழவேற்காடு
கார்த்திகை 9

பவுனு,

கோபப்படாதே. காந்தாவின் முழங்கையிலும் உன்னுடையதைப் போலவே வெடிப்பு கண்டிருக்கிறது. அம்மா, "அம்மாக்காரி நோவு பொண்ணுக்கும் ஒட்டிக்கிச்சி. இந்த வூட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்"னு நிற்கிறாள். வைத்தியர் சொன்னதை அவளிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோட்டைக்குத் தெரிந்தால் என்னையும் உள்ளே விட மாட்டார்கள். குழந்தையை மாரியோடு அனுப்பியிருக்கிறேன். அதே வெண்ணெயைத் தடவு.

தருமலிங்கம்

பழவேற்காடு
தை 3

சௌபாக்கியவதி பவுனம்மாளுக்கு ஆசீர்வாதம்.

கார்த்திகையில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. உங்கள் இருவருக்கும் தோல் தெளிந்துவிட்டதாக மாரிதான் சொன்னார். மனசு குளிர்ந்தது. அம்மாவும் சம்மதித்துவிட்டாள். வாசலில் நின்று இரண்டு பேரும் கைகளைக் காட்டிவிட்டு உள்ளே வந்தால் போதும் என்கிறாள். எனக்காக இதை மட்டும் பொறுத்துக்கொள். படகு அனுப்பியிருக்கிறேன்.

தருமலிங்கம்

சுண்ணாம்புக்குளம்
தை 5

மாமாவுக்கு,

மாரி அண்ணன் சொன்னது நிஜம். காந்தாவின் முழங்கை வாழைக்குருத்து மாதிரி இருக்கிறது. என் விரல்களை மடக்கினால் இப்போது இரத்தம் கசிவதில்லை. அந்த வெண்ணெயை அனுப்பியதற்கு உங்களுக்கு மெய்யாகவே நன்றி.

ஆனால் அன்று குழந்தை எப்படி வந்து இறங்கினாள் தெரியுமா? வாடைக்காற்றில் கோணிக்குள் சுருண்டு, பெற்றவர் யாரும் இல்லாமல். "நைனா கரையிலயே நின்னுச்சி, கிட்ட வர்ல"னு என்னிடம் சொன்னாள். இங்கே யாரைப் பார்த்தாலும் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மடியில் வைத்துத் தினமும் தேய்த்துவிட்ட பிறகுதான் கையை நீட்டத் துணிந்தாள். அந்தக் கைகளை உங்கள் வாசலில் நின்று நீட்டச் சொல்ல என்னால் முடியாது.

இன்று மாரி அண்ணன் கூப்பிட்டார். அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டு, "கை நல்லாயிட்ச்சினு நைனாகிட்ட சொல்லு. நாங்க இங்கியே கீறோம்" என்றாள்.

அவள் சொன்னதற்கு மேல் நான் எழுத ஒன்றுமில்லை. படகு காலியாகத்தான் வரும்.

பவுனம்மாள்