பச்சைத் தடத்தில் நெத்திலி

2024 ஆகஸ்ட் 12, திங்கள்

மாயாவுக்குப் பள்ளியில் அரசு சைக்கிள் கொடுத்துவிட்டார்கள். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வீடு வரை தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். "ஏறக் கூடாதுன்னுதானம்மா சொன்ன? ஏறல. தள்ளிகினு வந்தேன்." வாயைப் பார். என் மகள்தான், சந்தேகமே இல்லை.

படிக்கட்டுக் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டேன். சாவி என் பர்ஸில். அழுதாள். அழட்டும். கடலோர ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் துறைமுக கேட் வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். சைக்கிளுக்கு மிஞ்சுவது லாரிக்கும் லாரிக்கும் நடுவில் உள்ள சந்து. என் தம்பி தீனா அந்தச் சந்தில்தான் போனான். மூலக்கொத்தளத்தில் அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்றே முடிவு செய்தது இது.

செப்டம்பர் 3, செவ்வாய்

கிளினிக்கில் காலையிலேயே ஒரு பெண். முழங்கையில் தோல் முழுதாக உரிந்திருந்தது, பர்தா கிழிந்திருந்தது. பெயர் ஜெரினா. தண்டையார்பேட்டையிலிருந்து இங்கே கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு சைக்கிளில் வருகிறவள். லாரி உரசித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது.

"சீக்கிரம் கட்டு சிஸ்டர், ஷிப்டு கேட்ட சாத்திருவான்."

பஸ்ஸில் போனால் என்ன என்று திட்டினேன். காயம் கட்டும்போது எனக்கு வாய் சும்மா இருக்காது.

"நான் இன்னாத்துக்கு சிஸ்டர் பயந்துகினு பஸ்ஸுல போவணும்? ரோடு லாரிக்கு மட்டும்னு எய்தி வெச்சிகீதா?"

கொழுப்பு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதும் அந்தக் கேள்வியே காதில். தீனாவும் இப்படித்தான் கேட்டிருப்பான்.

செப்டம்பர் 27, வெள்ளி

ஜெரினா என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சைக்கிளுக்குத் தனித் தடம் வேண்டும் என்று கேட்க, ரோட்டு ஆபீசுக்கு. இரண்டாவது ஷிப்ட் பெண்கள் அத்தனை பேரும் கூட வந்தார்கள். நான் பஸ்ஸில் போனேன் — சைக்கிள் ஊர்வலத்துக்கு பஸ்ஸில் போன ஒரே ஆள்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "இப்பல்லாம் யாரும்மா சைக்கிள்ல போறாங்க?"

ஜெரினா ஜன்னலைக் காட்டினாள். "கீய எட்டிப் பாருங்க சார்."

ஆபீஸ் வாசல் முழுக்க சைக்கிள். அவருடைய கார் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. வாசலில் வண்டி நிறுத்தும்போதே அந்தக் காரைப் பார்த்து வைத்திருக்கிறாள், கள்ளி!

2025 பிப்ரவரி 10, திங்கள்

வந்துவிட்டது! ரோட்டின் கடல் பக்கம் பச்சைப் பெயிண்ட் அடித்த தடம். லாரி ஏறாமல் இருக்கக் கம்பம் நடுவது மட்டும் பாக்கி, அடுத்த வாரம் என்கிறார்கள். ஜெரினா ஷிப்ட் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல் அதில் போவதும் வருவதுமாக இருந்தாள். கிளினிக் வாசலில் நின்று பார்த்தேன்.

மாயா என் முகத்தைப் பார்க்கிறாள். கம்பம் வரட்டும் என்றேன்.

பிப்ரவரி 11

விடிந்தபோது தடம் முழுக்க லாரி. பச்சையே தெரியவில்லை.

மார்ச் 8, சனி

கம்பம் வரவில்லை. ஜெரினா வாரம் தவறாமல் ஆபீஸ் போய்க் கேட்கிறாள். லாரிக்காரர்களிடமும் கேட்டுப் பார்த்தாள். "கேட்டாண்ட கியூவே நகரல, நாங்க எங்கம்மா வண்டிய சொருவுறது?" என்கிறார்கள். அதுவும் பொய்யில்லை.

இன்று கூத்தே வேறு. குப்பத்துப் பெண்கள் லாரி வராத நேரம் பார்த்து பச்சைத் தடத்தில் நெத்திலி காயப்போட்டுவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். "இதுக்கா இவ்ளோ அலைஞ்சோம்? கருவாடு காயவா?"

எல்சி என்ற அந்தம்மா நிஜமாகவே திகைத்துவிட்டாள். "மண்ணுல காயப்போடாதீங்க, சுத்தமா இடம் தர்றோம்னு எத்தினியோ வாட்டி சொன்னாங்களே. பச்ச பெயிண்ட் அட்ச்சி வுட்டாங்க. நமக்குத்தான்னு நென்ச்சோம்."

அதற்குமேல் எப்படிக் கத்துவது? அந்த நேரம் பார்த்து ஜெரினா வந்து சேர்ந்தாள். மீனைப் பார்த்தாள், தடத்தை மேலும் கீழும் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள்.

"சிஸ்டர், மீனு கீற எடத்துல ஒரு லாரியாவது கீதா பாரு."

இல்லை. ஒன்றுகூட இல்லை.

"எவன் ஏத்துவான்?" என்றாள் எல்சி. "ஏத்திட்டு குப்பத்தத் தாண்டிப் பூடுவானா?"

மார்ச் 15, சனி

பேசி முடித்துவிட்டார்கள். லாரி ஓடும் பக்கம் தார்ப்பாய் விரித்து மீன், கடல் பக்கம் சைக்கிள். தடம் தொடங்கும் இடத்தில் எல்சி வீட்டு ஓட்டை ஃபைபர் படகைக் குறுக்கே இழுத்துப் போட்டாயிற்று. சைக்கிள் நுழையும், லாரி நுழையாது. ராத்திரிக்கும் அதுவே காவல்.

ஜெரினா சும்மா பேசிவிட்டு வரவில்லை. லீவு நாளில் வெயிலில் குந்தி, அவர்களோடு மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நானாக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன், மறுநாள் தோற்றிருப்பேன். அவள் தோஸ்து பிடித்துவிட்டாள். எனக்கு அவளைவிட வயது அதிகம். இருந்தாலும் சொல்கிறேன், அவளை மாதிரி இருக்க ஆசையாக இருக்கிறது.

ஏப்ரல் 4

படகை எடுக்கச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்தது. "கம்பத்த கொண்டாங்க சார், இப்பவே எட்த்துடறோம்" என்றாளாம் ஜெரினா. கம்பமும் வரவில்லை, படகும் நகரவில்லை. லாரிகள் முணுமுணுத்துக்கொண்டே கன்டெய்னர் யார்டு பக்கத்து மைதானத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. மாயா சைக்கிளைக் கேட்கவே இல்லை. கேட்காமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

மத்தியானம் அவள் தூங்கும்போது பூட்டைத் திறந்து நானே எடுத்துக்கொண்டு போனேன். இத்தனை வருடம் கழித்து! முதலில் சுவரில் இடித்துக்கொண்டேன். படகைச் சுற்றி உள்ளே நுழைந்தேன். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் மீன், மீனுக்கு அப்பால் லாரிகள் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

அந்த இடம் வந்தது. இறங்கிவிட்டேன். தீனா... டேய், அன்னிக்கி இவ்ளோ எடம் இருந்திருந்தா போதுமேடா. எவ்ளோ பெரிய ரோடு இது. இவ்ளோதானேடா கேட்டிருப்ப?

எல்சி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி ஏறினேன்.

ஜூன் 20, வெள்ளி

கீழ் வீட்டு குணசுந்தரி வந்து சண்டை. படிக்கட்டு முழுக்கக் கருவாட்டு வாடையாம், மாயா சைக்கிள் சக்கரத்தில் நெத்திலி ஒட்டிக்கிடக்கிறதாம், கழுவித்தான் நிறுத்த வேண்டுமாம்.

எனக்குச் சண்டை போடவே தோன்றவில்லை. தினமும் போய் வருகிற வண்டி, அப்படித்தான் இருக்கும் என்றேன்.