ஒரு போல் மாம்பழம் எத்தனை கிராம்?

என் செல்லச் சண்டைக்காரி சிசிலிக்கு,

உன் மகள் ரெஜினா நேற்றுக் காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஏழாவது மாதம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை, டிரிப்ஸ் ஏறுகிறது. குழந்தை சரியாக உதைக்கவில்லை என்கிறாள்.

காரணம் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இன்று காலை தெரிந்துவிட்டது.

போன மாதம் உன் மாம்பழ ஜாம் கேட்டாள். "அம்மா செஞ்ச மாதிரியே வேணும் பெரியம்மா." பிள்ளைத்தாய்ச்சி கேட்டால் மறுக்க முடியுமா? நீ கண்ணை மூடியபின் என்னிடம் வந்த உன் சமையல் நோட்டை எடுத்தேன். பழம் நாலு போல், சர்க்கரை ஒரு கிலோ, எலுமிச்சை மூன்று. உங்கள் வீட்டில் கிண்ணத்தைப் பிரெஞ்சில் போல் என்பீர்கள். "எது போல?" என்று நான் கேலி செய்தால் நீ கரண்டியை ஓங்குவாய்.

வளைகாப்புக்கு வருகிறவர்களுக்கும் கொடுக்கலாம் என்று இருபது பாட்டிலுக்குத் திட்டம் போட்டேன். அத்தனைக்கும் கிண்ணத்தில் யார் அளப்பது? எடையாக மாற்றிக்கொள்வோம் என்று பழத்தை மிக்சியில் அடித்து, கூழை உன் கிண்ணத்தில் ஊற்றித் தராசில் வைத்தேன். பெரிய மேதாவி நான். நீ அளந்தது துண்டுப் பழம் அல்லவா? துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், கூழில் ஏது? அதே கிண்ணம்தான், பழம் மட்டும் ஒன்றரை மடங்கு ஏறிவிட்டது. சர்க்கரையும் எலுமிச்சையும் நீ எழுதிய கணக்குப்படியே போட்டேன். அத்தனை பழம் கெடாமலிருக்க அது எப்படிப் போதும்?

இன்று காலை அலமாரியைத் திறந்தேன். ரெஜினாவுக்குக் கொடுத்தது போக மிச்ச ஜாம் பாட்டில்களின் மூடிகள் உப்பியிருந்தன. ஒன்றைத் திருகியதும் சோடா மாதிரி சீறியது. நான் பார்க்கப் பார்க்க அடியிலிருந்து குமிழ்கள் ஏறிக்கொண்டே இருந்தன. அப்படியே மூடிவிட்டேன்.

நாலு நாளைக்கு முன் ரெஜினா போனில் சொன்னாள்: "லேசா புளிக்குது பெரியம்மா. ஆனா நல்லாத்தான் இருக்கு, தெனம் ரெண்டு ஸ்பூன் சாப்புடுறேன்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்கம்மா கைப்பக்குவம் அப்படித்தான்டி." பழியை உன் தலையில் கட்டினேன், பாவி.

சற்று முன் டாக்டரம்மா அவளிடம் கேட்டார்: "வெளியில ஏதாவது சாப்பிட்டியாம்மா?"

"இல்ல டாக்டர், எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான்."

உன் ஜாமைச் சந்தேகப்பட அவளுக்கு மனமே வராது. நான் கட்டில் அருகிலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. ஏன் சிசிலி? அவள் என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்கு அவ்வளவு பயமா? டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் வராந்தாவுக்கு ஓடிவந்து, கையில் கிடைத்த பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள்.

"பெரியம்மா, கஞ்சி எறங்கல. அம்மா ஜாம்னா ரெண்டு வாய் போகும். அவர எடுத்தாரச் சொல்லியிருக்கேன், நெல்லித்தோப்பு தாண்டிட்டாராம்."

படியிலேயே மாப்பிள்ளையை மறித்து அந்த பாட்டிலைப் பிடுங்குவேன். நேரே டாக்டரம்மாவிடம் கொண்டுபோய், என் கையால் கெட்டது என்று சொல்வேன். ரெஜினாவிடமும் நானே சொல்வேன். உன் பேரை இழுக்க மாட்டேன், இது சத்தியம்.

இந்த நிமிடம் வரை உன் மகளுக்குப் பெரியம்மா,
விஜயா