மூன்றாம் ஓலை

கோவில்பட்டி
3 பிப்ரவரி 2025

அன்பு மகள் ஆஸ்லினுக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். போனில் பேசினால் நீயும் நானும் கத்துகிறோம், நடுவில் அம்மா அழுகிறாள். அதனால் மெயிலில் எழுதுகிறேன். நீயும் எழுது.

ஈஸ்டருக்குப் பிறகு வைத்திருந்த உன் கல்யாணத்தை இந்த மாதம் 27ஆம் தேதிக்கே வைக்கச் சொல்லி, மாப்பிள்ளை ரெஜின் வீட்டார் குளத்தூரிலிருந்து வந்து நின்றார்கள். நேற்று சபையில் உங்கள் இருவர் பேரையும் சொல்லி மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் முதலாவதை வாசித்தாகிவிட்டது. உன்னைக் கேட்கவில்லை என்று குதிக்காதே. காரணம் நீதான். கம்போடியாவில் ஏதோ பழங்கோயிலில் சிலைக்கு முன்னால் முழங்கால் போட்டிருக்கிறாயே, அந்தப் படம் குளத்தூர் முழுக்கச் சுற்றுகிறது. ரெஜினின் அம்மா என் கடைக்கே வந்து, "அண்ணாச்சி, இப்படியே விட்டா உங்க பொண்ணு அங்கனயே மொட்டை போட்டுட்டு உக்காந்துருவா" என்றார்கள். கடை நிறைய ஆள்.

சம்பளம் இல்லாமல் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்து ஊர் எப்போதும்வென்றானில் பிள்ளைகள் இல்லையா? நீ இணையத்தில் போட்ட படத்தை நீக்கிவிட்டு உடனே கிளம்பு.

மக்காச்சோளத்தில் பாதியைக் காட்டுப்பன்றி தின்றுவிட்டது.

அப்பா


சியம் ரீப்
5 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு ஆஸ்லினின் ஸ்தோத்திரம்.

அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? அதை நீங்கள் எழுதவே இல்லை, பன்றியைப் பற்றி மட்டும் எழுதுகிறீர்கள்.

என் கல்யாண ஓலையை என்னைக் கேட்காமல் வாசித்தால் குதிக்காமல் என்ன செய்வது?

படத்தைப் பற்றிச் சொல்கிறேன். கோயில் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டியாக வேலை கிடைக்க, என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வேண்டும். அதனால் சனிக்கிழமைதோறும் பழைய கோயில்களுக்கே போவோம். அவர்கள் விளக்கிச் சொல்வார்கள், நான் திருத்துவேன். அன்று ஒரு சுவரின் அடியில் சேவல் சண்டை செதுக்கியிருந்தது. அதைப் பார்க்கத்தான் முட்டி போட்டேன். மேலே இருந்த சிலையும் படத்தில் விழுந்துவிட்டது. சேவலைப் பிடித்திருக்கிற இரண்டு பேரும் முறைக்கிற முறைப்பைப் பார்த்தால் உங்களுக்கும் சிரிப்பு வரும்.

மார்ச் கடைசியில் பிள்ளைகளுக்குத் தேர்வு. அதுவரை இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஈஸ்டருக்குப் பிறகுதான் கல்யாணம் என்று நீங்களும் எனக்கு வாக்குக் கொடுத்தீர்கள்.

உங்கள் ஆஸ்லின்


கோவில்பட்டி
10 பிப்ரவரி 2025

ஆஸ்லினுக்கு,

அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது.

நீ எழுதியதைக் குளத்தூரில் போய்ச் சொன்னேன். சேவல் கதையைக் கேட்டு அம்மா சிரித்தாள், அவர்கள் சிரிக்கவில்லை. நீ கும்பிட்டாயா இல்லையா என்பது பேச்சே இல்லையாம். 23ஆம் தேதி ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்னால் நின்று நீ மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் ரெஜினுக்கு வேறு பெண் பார்ப்பார்களாம்.

நேற்று இரண்டாம் ஓலையும் வாசித்துவிட்டார்கள். வருகிற ஞாயிறு மூன்றாவது. தடை உண்டா என்று குருவானவர் கடைசியாகக் கேட்பார். அதோடு முடிந்தது.

எனக்கு மட்டும் இது இனிக்கிறதா? ஓலை வாசித்த கல்யாணம் நின்றால் இந்தப் பக்கத்தில் உன்னை யார் கேட்டு வருவார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது, ஆஸ்லின். இரண்டே வார்த்தைதான். சொல்லிவிட்டுப் போயேன்.

அப்பா


சியம் ரீப்
13 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று ரெஜின் போன் செய்தார். "ரெண்டு வார்த்தை சொல்ல உனக்கு இவ்வளவு வீம்பா? உங்க அப்பா எங்க வாசல்ல கையைக் கூப்பிக்கிட்டு நின்னாரு, தெரியுமா? எங்க அம்மா உக்காருங்கன்னுகூடச் சொல்லல" என்றார். பெருமையாகச் சொன்னார், அப்பா. நீங்கள் அதை எனக்கு எழுதவில்லை.

தேர்வுக்கு முன்பே போகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். சொபியா என்ற பெண் எழுந்து, "டீச்சர், நாங்கள் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா?" என்று கேட்டாள்.

22ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நீங்கள் இன்னொரு தடவை அந்த வாசலில் நிற்கக் கூடாது. அதற்காகத்தான் வருகிறேன், வேறு எதற்காகவும் இல்லை. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குப் பிறகு முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அது என்னால் முடியாது.

ஆஸ்லின்


கோவில்பட்டி
16 பிப்ரவரி 2025

என் மகளுக்கு,

முதலில் டிக்கெட்டை ரத்து செய். பிறகு மீதியைப் படி.

இன்று மூன்றாம் ஓலை வாசித்தார்கள். குளத்தூர்க்காரர்களும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். குருவானவர் உங்கள் பேரை வாசித்துவிட்டு, தடை இருந்தால் சொல்லலாம் என்றார். எல்லாரும் அடுத்த பாட்டைப் புரட்டுகிற நேரம் அது. நான் எழுந்து நின்றேன். "தடை இருக்கு, ஐயா" என்றேன்.

"யாருக்கு, பால்துரை?" என்று கேட்டார்.

"பொண்ணைப் பெத்தவனுக்கு. செய்யாத தப்புக்கு என் மவ மன்னிப்புக் கேக்க வாராளாம். அப்படிக் கேக்க வைக்குத வீட்டுக்கு அவளை அனுப்ப எனக்கு மனசு இல்ல."

ரெஜினின் அம்மா திரும்பி, "யோசிச்சுத்தான் பேசுதீங்களா, அண்ணாச்சி?" என்றார்கள்.

"யோசிக்காமத்தான் உங்க வாசல்ல வந்து நின்னேன்" என்றேன்.

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ரெஜின் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்டபக்காரருக்கு நாளைக்குத்தான் சொல்ல வேண்டும். அம்மா மத்தியானத்திலிருந்து என்னோடு பேசவில்லை. இப்போதுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவளைச் சாப்பிடச் சொல்லி எழுதுங்க" என்கிறாள்.

சாப்பிடு. நாளைக்கு வகுப்புக்குப் போ. தேர்வு முடிகிறவரை அங்கேயே இரு.

இனிமேல் உன்னை யார் கேட்டு வருவார்கள் என்கிற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. நீ கோயில் கோயிலாகச் சுற்றுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு நீ வந்ததும் நேருக்கு நேர் சண்டை போடுவேன். தயாராக வா.

உன் அப்பா,
பால்துரை