பாக்கியம் அக்காவின் பதியாத கல்யாணம்

ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் வீட்டுக்குள் நுழைந்து "ஒரு தே ஓ போடுடி" என்று பால் சேர்க்காத தேநீர் கேட்டு அதட்டும் என் பாக்கியம் அக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. உன் மோட்டார் சைக்கிள் இன்னும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. உன் வீட்டுக்காரர், மாமா, வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை, நானும் கொண்டுபோய் விடவில்லை. கூடையில் நீ வைத்திருந்த பிளாஸ்டிக் பையை மட்டும் உள்ளே எடுத்து வைத்தேன். எத்தனை குடும்பத்தின் பிறப்புப் பத்திரம், ஐசி என்கிற அடையாள அட்டையின் நகல், கோயில் கல்யாண போட்டோ அதில் கிடக்கிறது என்று உனக்குத்தான் தெரியும்.

உன்னோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அழுது முடித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன், அழுகை முடிகிற மாதிரி இல்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள பழைய தோட்டங்களில் உன்னை அறியாத வீடு உண்டா? ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தில் பாதி வீடு காலியாகிவிட்டது. ஆனாலும் கோயிலில் தாலி கட்டி, பந்தி போட்டுச் சாப்பிட்டு, அதோடு கல்யாணம் முடிந்தது என்று இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்மன் பார்த்தாள், ஊர் பார்த்தது, பதிவிலாகாவில் போய்ப் பதிவது எதற்கு என்று கேட்பார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போதுதான் விழிப்பார்கள். அம்மாவிடம் சரியான ஐசி இல்லாமல், கல்யாணமும் பதியாமல் இருந்தால், பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளையே இல்லை என்றாகிவிடுகிறது.

கையுறை ஃபேக்டரியில் நாம் இருவரும் ஒரே ஷிப்ட். வாரத்தில் கிடைக்கிற ஒரு நாள் லீவில் நான் துணி துவைத்துப் போட்டுவிட்டுத் தூங்குவேன். நீ ஜோடி ஜோடியாக ஆட்களைப் பதிவிலாகாவுக்கு இழுத்துக்கொண்டு போவாய். வெட்கப்பட்டுக் கொல்லைப்பக்கம் ஒளிந்துகொண்ட கிழவரைக்கூட நீ விட்டதில்லை.

அவர்களை மடக்குவதற்கு ஒரே வசனம் வைத்திருந்தாய். "நானும் எங்க வீட்டுக்காரரும் இருவது வருசம் கழிச்சிதான் போய் பதிஞ்சோம். வெக்கமாதான் இருந்துச்சி. பத்து நிமிசம்லா! வந்து கோழி அடிச்சி கறி ஆக்கித் தின்னோம்." பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டுவேன், அந்தக் கறியில் எனக்கும் பங்கு கிடைத்த மாதிரி.

அது பொய் என்று எனக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

நீ ஷிப்டில் மயங்கி விழுந்த மறுநாள் காலை, டாக்டர் வந்து, நீ இறந்துவிட்டாய் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன் உடலைக் கேட்டு மாமா சவக்கிடங்குக் கவுண்டரில் நின்றார். அங்கிருந்த மலாய்க்காரப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "பக்சிக், சிஜில் காவின் அடா?" என்று கல்யாணப் பத்திரத்தைக் கேட்டாள். மாமா சட்டைப் பையிலிருந்து கோயில் போட்டோவை எடுத்து நீட்டினார்.

"மாமா, பத்திரத்த குடுங்க," என்று நான் அவரை இடித்தேன்.

"இல்லம்மா."

"வீட்டுல இருக்கா? சாவி குடுங்க, போய் எடுத்துட்டு வாரேன்."

"நாங்க பதியவே இல்ல சாந்தி. அடுத்த லீவு, அடுத்த லீவுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. ஒவ்வொரு லீவுக்கும் யாராச்சும் வந்து நின்னுட்டாங்க."

ரத்த உறவு யாராவது வந்து கையெழுத்துப் போட்டால் உடனே கொடுத்துவிடலாம் என்றாள் அந்தப் பெண். உனக்கு இருந்த ஒரே ரத்த உறவு, ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் பிடிக்கும் உன் தம்பி. ஒன்பது வருஷமாக உன் வாசலை மிதிக்காதவன். மத்தியானம் மீன் வாடையோடு வந்து இறங்கினான். பாவம், அவனும் அழுதான். அவன்தான் கையெழுத்துப் போட்டான். இருபத்தாறு வருஷம் உன்னோடு வாழ்ந்த மனுஷன் வெளியே பெஞ்சில் போட்டோவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏன் அக்கா? ஊரில் எல்லாருக்கும் கொடுத்த லீவில் ஒன்றே ஒன்றை உனக்கென்று எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேனே.

இது உன் வீட்டோடு போயிருந்தால், எல்லாரும் படிக்கும்படி எழுதியிருக்க மாட்டேன். நீ கடைசியாகப் பேசி வைத்த ஜோடி செல்வியும் குமரனும். செல்வி பீடோர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்போது யாரும் அவள் பிறப்பைப் பதியவில்லை, அதனால் அவளிடம் இருப்பது குடியுரிமை இல்லாத பச்சை ஐசி. லாரி ஓட்டும் குமரனுக்குக் குடிமகனுக்குரிய நீல ஐசி. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் கல்யாணத்தைப் பதிந்தால், அப்பா வழியில் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்கும். பிறந்த பிறகு பதிந்தால் கிடைக்காது. "அடுத்த வாரம் போலாம்" என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாய். அந்த வாரம்தான் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் பையைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். ஆஸ்பத்திரிக் கதை எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. குமரன் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

"அக்காவே பதியலயாம்ல? எங்கள மட்டும் ஏன் புடிச்சி இழுக்குறீங்க? அம்மன் முன்னுக்குக் கட்டுன தாலிக்கு இவனுங்க வந்து முத்திர குத்தி சாப்பு அடிக்கணுமா?"

செல்வி அவனுக்குப் பின்னால் இடுப்பில் கையை ஊன்றி நின்றாள். எட்டாம் மாதம். உன் வசனத்தை இனி அங்கே சொல்ல முடியாது என்று பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அடுத்த வாரமும் போனேன், கதவைத் திறக்கவில்லை. அன்றைக்கு உன்மேல் வந்த கோபத்தை நான் மறைக்கப் போவதில்லை. செத்துப்போனவளைத் திட்டிக்கொண்டே வீடு வரைக்கும் மோட்டார் ஓட்டினேன்.

இன்னும் ஒரு வாரம் போனது. கடைசியில் மாமாவிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கதவைத் தட்டி, குமரன் கையில் அந்தப் போட்டோவைக் கொடுத்தார்.

"தம்பி, இந்தத் தாலி நான் கட்டுனதுதான். அம்மன் பாத்தா, இல்லேங்கல. ஆனா அந்தக் கவுண்டர்ல அம்மன் வந்து எனக்காகப் பேசலய்யா. என் பொண்டாட்டிய வாங்கிக் குடுன்னு மச்சான்கிட்ட கெஞ்சுனேன். ஒனக்கு அது வேணாம்."

குமரன் போட்டோவை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தான். பிறகு, "எப்ப போகணும்ணே?" என்று கேட்டான்.

மறுநாளே போய் விண்ணப்பம் கொடுத்தோம். மூன்று வாரம் நோட்டீஸ் ஒட்டி வைக்க வேண்டும், அது முடிந்ததும் வருகிற செவ்வாய்க்கிழமை காலை வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மாமா காலண்டரில் வட்டம் போட்டு வைத்தார். "பாப்பா, செவ்வாக்கெழம வரைக்கும் உள்ளயே இருலா," என்று செல்வி வயிற்றைத் தட்டிச் சொல்வாள். நாங்கள் சிரிப்போம்.

பாப்பா சனிக்கிழமை காலையில் பிறந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை செல்வி தையல் வலியோடு வந்து கையெழுத்துப் போட்டாள். அப்புறம் பிறப்புப் பத்திரம் எடுத்தோம். குடியுரிமை என்ற இடத்தில் 'புக்கான் வார்கா நெகாரா' என்று இருந்தது, குடிமகள் இல்லை என்று. "மூணு நாளுதானே," என்று குமரன் அந்த அதிகாரியிடம் தமிழிலேயே சொன்னான். அவர் தலை குனிந்துகொண்டார். கதவு திறக்காமல் போன அந்த வாரங்களைப் பற்றி அவன் என்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை. உன் பொய்யால் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஐசி கிடைத்தது அக்கா. இந்தப் பிள்ளைக்கு அந்தப் பொய்யால்தான் கிடைக்கவில்லை. இரண்டையும் நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

இனி தனியாக மனு போட்டுக் காத்திருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. உன் பையில் இப்போது மேலாக இருப்பது அவள் பத்திரம்தான்.

உனக்குப் பிடிக்காத ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி எந்த வீட்டிலும் உன் கோழிக்கறிக் கதையைச் சொல்ல மாட்டேன். எங்கள் அக்கா பதியவில்லை என்றுதான் ஆரம்பிப்பேன். மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைச் சொல்வேன். உன் லீவு நாளெல்லாம் எங்கே போனது என்பதையும் சேர்த்தே சொல்வேன். அந்தப் பாப்பா கையில் நீல ஐசி வருகிறவரை இந்தப் பையை விடமாட்டேன். அன்றைக்கு மாமா கோழி அடிக்கட்டும், கறியை நான் ஆக்குகிறேன்.

உன் உடலைக் கேட்டுக் கையெழுத்துப் போட முடியாத, ரத்த உறவில்லாத,
உன் தங்கச்சி
சாந்தி