சாமி மாடத்துக்குப் பக்கத்தில் உன் அம்மாவின் படம்

அன்பு மகன் சுங்யூவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே தைனானில் நான், அம்மா, நம் குழாய்க் கடை மூவரும் சுகம். கனடாக் குளிரில் நீயும் மருமகளும் சுகந்தானே? போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் கடிதம்.

கடையைக் காப்பாற்ற வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாயாம். வேண்டாம், காரணத்தைக் கேள். குழாய்ச் சான்றிதழ் வைத்திருந்த நீ போனதும், சான்றிதழ்க்காரர் ஒருவராவது இல்லாத கடைக்கு லைசென்ஸ் கிடையாது என்று ஆபீசில் கெடு வைத்தார்கள். லைசென்ஸ் போனால் இன்சூரன்ஸும் போச்சு, நாம் மாட்டிய குழாய் வெடித்து யார் வீடாவது நாசமானால் நம் வீட்டை விற்றுத்தான் ஈடு கட்ட வேண்டும். சான்றிதழுக்குப் பரீட்சை எழுத வேண்டும், எழுத்தே தெரியாத எனக்கோ கேள்வித்தாளைத் தலைகீழாகக் கொடுத்தாலும் ஒன்றுதான். எதிர்க்கடை ஆ-பாவ் வந்து, "அண்ணே, என் சான்றிதழை வாடகைக்கு எடுத்துக்குங்க, ஊர்ல நடக்கறதுதானே" என்று பல்லைக் காட்டினான். உன் அம்மா உள்ளேயிருந்து, "வாடகைக்கு எடுக்க அது என்ன கல்யாண கவுனா? நானே போய் பரீட்சை எழுதறேன்" என்றாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றுவரை பாகற்காய் சூப்தான் குடிக்கிறேன். ஆயுள் முழுக்க என்னோடு குழாய் பூட்டியவள் அல்லவா, எழுத்திலும் தேறினாள், குழாயை வெட்டி இணைத்துக் காட்டுவதிலும் ஒரு சொட்டு ஒழுகாமல் தேறினாள்.

பிறகுதான் கூத்து. அவள் படம் போட்ட சான்றிதழைப் பெருமையோடு கண்ணாடிச் சட்டம் போட்டு, பூமி சாமி மாடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டேன். மாதாமாதம் பதினாறாம் நாள் கடைக்காரர்கள் பூமி சாமிக்குச் செய்யும் பூசைக்குப் பழம் வைத்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, மீன்கஞ்சிக் கடை லோ அம்மாள் குழாய் ஒழுகுகிறது என்று சொல்ல வந்தவள், படத்தையும் புகையையும் பார்த்துவிட்டு, "ஐயோ அக்கா! போன வாரம்கூட என் மீனைக் குறை சொன்னியே!" என்று ஓவென்று அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் உன் அம்மாவை என்ன சொல்கிறது என்று கேட்க ஆசை. "தங்கமான மனுஷி, இந்தக் கிழவன்கிட்ட எப்படித்தான் குப்பை கொட்டினாளோ!" என்றாள். அந்த நேரம் பார்த்து உன் அம்மா கையில் ரெஞ்சோடு பின்பக்கத்திலிருந்து வர, லோ அம்மாள் அலறி மேஜைக்கடியில் போய்விட்டாள். உன் அம்மா குனிந்து பார்த்து, "அழுதது போதும்டி, எழுந்து வா, உன் குழாயைப் பார்க்கலாம்" என்றாள்.

இப்போது இன்சூரன்ஸ் பத்திரத்தில் அவள் பொறுப்பாளர், நான் உதவியாள். நேற்று அவள் வருவதற்குள் ஒரு வால்வைப் பூட்டிவிட்டேன். "ஒழுகினா பதில் சொல்றது நீயா நானா?" என்று கழற்றி மறுபடி பூட்ட வைத்தாள். இந்த வரியை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுகிறாள் என்று நினைக்கிறேன்.

ஆகவே மகனே, உன் இடம் நிரம்பிவிட்டது. அங்கே நீ பூட்டிய வாழ்க்கையை எங்கள் குழாய்க்காகக் கழற்றாதே. புத்தாண்டுச் சாப்பாட்டுக்கு வா, கை துறுதுறுத்தால் எனக்குக் கீழே ஓர் உதவியாள் இடம் காலி. இருவரும் நூறாண்டு நிறைவாக வாழுங்கள். மறக்காமல் உங்கள் படம் ஒன்று அனுப்பு, கலரில். மாடத்துக்கு எதிர்ச் சுவரில் மாட்டுகிறேன்.

கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையை நானே குத்தினேன், தலைகீழாக இருந்தாலும் அது நான்தான்.

உன் அப்பா