நான் எழுதாத பரிந்துரை

போதும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ உயிரோடு இருந்தவரை நான் பேசவில்லை. நீ ஒருநாளும் கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது மற்றவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். அதுவும் பொய்யை.

என் மேசைமேல் ஒரு தாள் கிடக்கிறது. பென்சிலில், உன் குண்டு குண்டான ஆங்கில எழுத்து. உன் நினைவு மலருக்குப் பழைய படம் ஏதாவது வேண்டும் என்று நாம் சேர்ந்து ஆய்வு செய்த, இப்போது நான் வேலை பார்க்கும் துறையில் கேட்டார்கள். கோப்பைப் பிரித்ததும் படத்துக்கு முன்னால் வாசனை வந்தது. குலசேகரத்தில் உன் வீட்டுக்குப் பின்னால், ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடும் புரையின் வாசனை. அதன் வாசலில் உட்கார்ந்துதான் நீ இதை எழுதினாய். அந்தப் புகையை இந்தத் தாள் இன்னும் விடவில்லை.

அப்போது நாம் இருவரும் முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் வருடம், ஒரே வழிகாட்டியிடம். வட துருவத் தீவு ஒன்றில் இளம் ஆய்வாளர்களுக்கு ஐந்து வாரக் கோடைகால முகாம் என்று ஓர் அறிவிப்பு. பிரவுசிங் சென்டரில் அதைக் கண்டுபிடித்து, அச்செடுத்து, பஸ்ஸில் மடிமேல் விரித்து வைத்துக்கொண்டு நீ வாசித்தாய். பூமி சூடாக ஆக, அங்கே தரையோடு தரையாய்க் கிடக்கும் பாசிக்கும், பாறையிலும் பட்டையிலும் செதிலாய்ப் படரும் லைக்கனுக்கும் என்ன ஆகிறது என்று அளக்க வேண்டும். விடிந்ததும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவன் நீ. அந்த மரப்பட்டைகளில் படர்ந்த லைக்கன்களை விரல் வைத்துப் பார்த்தே பிரித்துச் சொல்வாய்.

"எலேய், அங்க மரமே கிடையாதாம்டே. லைக்கன்தான் காடு. நமக்குன்னே ஒரு நாடு செஞ்சு வச்சிருக்கானுவ பாத்தியா?" என்றாய்.

விண்ணப்பத்தோடு வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். மாணவனே தன்னைப் பற்றி எழுதிக்கொண்டு போவான், பேராசிரியர் கையெழுத்துப் போடுவார். நம்மவரும் அதையேதான் சொன்னார். "எழுதிட்டு வாங்கடே, ஒப்பு போட்டுத் தாறேன். வாசிக்கதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்ல."

உன் புரை வாசலில் உட்கார்ந்து என்னைப் பற்றி நான் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். நீ தாளைப் பிடுங்கினாய். "கொண்டா இங்க. ஒன்னப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" அரை மணி நேரம் தலை நிமிரவில்லை. அந்தத் தாள்தான் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. வாசித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. கடைசி வரி இது: பார்க்காத எதையும் இவர் எழுதியதில்லை.

அடுத்து உனக்காக எழுதினாய். மூன்றே வரி. ஒழுங்காக வருவார். கொடுத்த வேலையை முடிப்பார். உடல்நலம் நன்று. சர்ச்சில், சபை முன்னால் சாட்சி சொல்ல நீ எழுந்து "நான்" என்று தொடங்கினாலே முன்வரிசையிலிருந்து உன் அப்பா இருமுவாராம். அந்த இருமல் அவர் போன பிறகும் உன் காதில் இருந்தது.

"எலேய், இது துருவத்துக்கு ஆள் எடுக்கதா, எஸ்டேட்டுக்கு வாச்மேன் எடுக்கதா?" என்று கேட்டேன்.

"பின்ன, நானே என்னப் பெரிய ஆளுன்னு எழுதவா? வெக்கமா இருக்குடே. சாருக்கு என்னத் தெரியும்லா, அவரு சேத்து எழுதிக்கிடுவாரு."

அவர் சேர்த்து எழுதமாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டுத் தாளை மடித்து உறையில் வைத்தேன். ஒரு துறையிலிருந்து ஒருவனைத்தான் எடுப்பார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்திருந்தால், போயிருக்கக்கூடியவன் நீதான். அரை மணி நேர வேலை. நான் செய்யவில்லை.

மறுநாள் வழிகாட்டி வண்டி நிறுத்தும் இடத்தில், தட்டச்சு செய்து கொண்டுபோன இரண்டு கடிதங்களிலும் ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்து கையெழுத்துப் போட்டார். "எந்த இடத்துலடே?" என்பது மட்டும்தான் அவர் கேட்ட கேள்வி.

நான் போனேன். மறையாத சூரியனுக்குக் கீழே, சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, முழங்காலிட்டு, உள்ளே இருப்பதை எண்ணினேன். தரையைச் சற்றுச் சூடாக்கிப் பார்க்க மேல்பக்கம் திறந்த கண்ணாடிக் கூடுகள் வைத்திருந்தார்கள். கூட்டுக்குள் புல் ஏறியது, லைக்கன் குறைந்தது. பெயர் தெரியாத ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். குலசேகரத்திலிருந்து பதில் வரும். "ஓரத்தைப் பாரு, சுருண்டிருக்கா? அப்போ நீ நெனச்சது தப்பு." கட்டுரை வந்தது. நன்றி சொன்ன பட்டியலில் வழிகாட்டியின் பெயர் இருந்தது. உன் பெயர் இல்லை.

அந்த ஐந்து வாரம் எனக்கு வேலை வாங்கித் தந்தது. துறைத்தலைவர் பதவி வந்தபோது என்னைத் தாண்டி இளையவர் ஒருவருக்குப் போனது. அது இன்னும் எனக்கு ஆறவில்லை, ஆற விடவும் மாட்டேன். ஆசிரியர் அறையில் எனக்குப் பெயர் பனிக்கரடி. "பனிக்கரடி சாருக்கு ஃபேன் வேண்டாம்லா?" என்று சுவிட்சை அணைப்பார்கள். நீ ஆய்வைப் பாதியில் விட்டாய். அஞ்சுகிராமத்தில் பள்ளி ஆசிரியரானாய். மதில்சுவர் லைக்கனைப் பிள்ளைகளுக்கு லென்ஸில் காட்டினாய். சித்திரையில் ஒரு காலை, வகுப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய்.

இப்போது மலர் தயாராகிறது. ஓய்வுபெற்ற நம் வழிகாட்டிதான் முன்னுரை. அச்சுக்குப் போகும் முன் எனக்கும் ஒரு பிரதி வந்தது. அவர் எழுதியிருக்கிறார்: துருவம் செல்லும் அரிய வாய்ப்பு தேடி வந்தும், விதவைத் தாயைத் தனியே விட மனமின்றி மறுத்த தியாகி.

தியாகியாம். உனக்கு வாய்ப்பு வரவே இல்லை. வந்ததை மறுத்தாய் என்று எழுத அவருக்குக் கை கூசவில்லை. அன்று நம் கடிதங்களை வாசிக்காதவர், இன்று தான் எழுதியதையும் வாசித்திருக்கமாட்டார்.

உன் அம்மைக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. மிஷன் பள்ளியில் படித்தவள், ஒரு வரி விடாமல் வாசித்திருக்கிறாள். போன் பண்ணினாள். "மக்களே, என்னாலயா அவன் போவாம இருந்தான்? எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்லியே. நான் போண்டாம்னு சொன்னனா? எனக்கு ஓர்மையே இல்லியே."

நேற்று குலசேகரம் போனேன். நடந்ததை என் வாயால் அவளிடம் சொன்னேன். மூன்று வரியை, ஸ்கூட்டர் சீட்டை, என் எண்ணத்தை. அவள் போட்டு வைத்த, பால் சேர்க்காத கட்டஞ்சாயா நடுவில் ஆறிக்கொண்டிருந்தது.

"அவன் எழுதினதப் பாத்து நீ சிரிச்சியா?"

"சிரிச்சேன் அம்மா."

"அவனும் சிரிச்சானா?"

"சிரிச்சான்."

 டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "குடி. எங்கிட்ட சொன்னது போராது மக்களே. எல்லாரும் நான் தடுத்தேன்னுல்லா வாசிப்பினும். அந்தப் புக்குல வரணும்." மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே இதை மலர்க்குழுவுக்கு அனுப்புகிறேன். இரண்டு பரிந்துரைகளின் நகலும், உன் பென்சில் தாளின் நகலும் கூடவே போகின்றன. போடமாட்டார்கள் என்றால், துறை அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டுவேன். அதே பலகையில் இந்த வருடத்துத் துருவ முகாம் அறிவிப்பும் தொங்குகிறது. மாணவர்கள் வழக்கம்போல் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொண்டு வருகிறார்கள். நான் அதை வாங்குவதில்லை. அவர்கள் செய்த வேலையைக் கொண்டுவரச் சொல்லி, வாசித்து, நானே எழுதுகிறேன். தாமதமாகிறது என்று அலுவலகம் என்னிடம் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியது. பதில் போடவில்லை. போடவும் மாட்டேன்.

உன்னைப் பற்றி அன்றே எழுதியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். தரையில் கிடப்பதை இவனைப்போல் பார்த்தவனை நான் எந்தத் தீவிலும் கண்டதில்லை. நண்பனுக்காக எழுதும்போது இவன் எதையும் மிச்சம் வைத்ததில்லை. துருவத்துக்குப் போகத் தகுதியானவன் எங்கள் துறையில் இவன் ஒருவனே. போனது வேறொருவன்.

பார்க்காததை எழுதியதில்லை என்று எனக்காக எழுதினாய். பார்த்ததை எழுதாமல் இருந்தேன். 

இனி உறையை ஒட்ட வேண்டியதுதான். கீழே பெயர் போடவில்லை. பயம் என்று நினைக்காதே. துருவம் போய் வந்தவன் இந்தத் துறையில் ஒருவன்தான், வாசித்த உடனே தெரிந்துவிடும். நீ எனக்காக எழுதிய கடிதத்தில் உன் பெயர் எங்கேயும் இல்லை. உனக்காக நான் எழுதும் இதிலும் என் பெயர் வேண்டாம். இப்படியே போய்த் தபால்பெட்டியில் போடுகிறேன்.