பூஜைக்குத் துடைத்த டி டிரைவ்

அக். 19, சனி

காலையிலிருந்து தூறல். கச்சேரி ரோடு முழுக்கப் பூசணிக்காயும் வாழைக்கன்றும், நடக்க இடமில்லை.

வாங்க வேண்டியது: பொரி, கடலை, சந்தனம், எலுமிச்சை, பூ. கடைக்குத் தனி, வீட்டுக்குத் தனி. இவர் கேட்டால் எல்லாம் வீட்டுக்குத்தான்.

நாசர் ஆம்பூருக்குப் போய்விட்டான், அக்கா வீட்டுக்கு. செவ்வாய் வருகிறான். கடையில் நாங்கள் இரண்டே பேர், பாதிப் பாதி பங்கு. டி.டி.பி. சென்டர் என்று போர்டு பெரிசு, ரூம் சின்னது. பூஜை வேலை மொத்தமும் என் தலையில்.

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். முறுக்குத் தூள், ஸ்டேப்ளர் பின், யாருடைய மூக்குத்தித் திருகோ ஒன்று. பிரிண்டரைத் துடைத்ததில் புடவை போச்சு.

வெளியே துடைத்தால் போதுமா? இடமில்லை இடமில்லை என்று ஒரு மாதமாக மெஷின் கத்துகிறது. கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு பிள்ளையாரை ஸ்கேன் பண்ண வழியில்லை. உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தேன். மறைந்திருக்கும் ஃபைல்களையும் காட்டு என்று ஒரு கட்டளை உண்டே, அதையும் போட்டேன். சி டிரைவில் ஒரே ஒரு ஃபைல், பாதி டிஸ்கை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது! பேருக்குத் தலையுமில்லை வாலுமில்லை, கடைசியில் மூன்று சைபர். எதிலும் திறக்கவில்லை. குப்பை. அழிக்கவா, நிஜமாகவே அழிக்கவா என்று கேட்டது. ஆமாம், ஆமாம்.

அப்புறம் டீஃப்ராக். சின்னச் சின்னக் கட்டங்கள் நகர்ந்து நகர்ந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்வதைப் பார்த்தபடியே காபி. கொலு வைப்பதை விடத் திருப்தி. முடிந்ததும் மெஷினை அணைத்தேன். நாசர் வந்து பார்த்து வாயைப் பிளக்கட்டும்.

அக். 20, ஞாயிறு. ஆயுத பூஜை

மழை. கடையில் பூஜை. சி.பி.யூ., மானிட்டர், ஸ்கேனர், கத்தரி, எல்லோருக்கும் சந்தனம் குங்குமம். நாசர் பேக்கப் எடுத்து வைக்கும் ஃப்ளாப்பிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் வைத்தேன். அதுகளை மட்டும் விட்டால் பாவமாக இருந்தது. பளபளவென்று ஒரு தகடு இருக்கிறதே, அங்கே.

இவர் வாசலில் நின்றுகொண்டு, "ஃப்ளாப்பிக்கெல்லாம் பொட்டா? ஆத்துல மிக்ஸிக்கு யாரு வைக்கறதாம்?"

"நீங்களே வைங்கோ. கை இருக்கோல்லியோ?"

இன்று எதையும் தொடக் கூடாது. மெஷினுக்கு லீவு. எனக்குத்தான் கிடையாது.

வியாழன் அடையாறிலிருந்து பதிப்பகக்காரர் வருகிறார், நாசரின் எழுத்தைப் பார்க்க. இரண்டு வருஷமாகக் கடை மூடிய பிறகு உட்கார்ந்து, அ முதல் கடைசி வரை ஒவ்வொரு தமிழ் எழுத்தாக மெஷினில் வரைந்தது. குழந்தைகள் புத்தகத்துக்குத் தோதான, உருண்டையான எழுத்து. அவருக்குப் பிடித்துவிட்டால் எங்களுக்கு வருஷம் முழுக்க வேலை. பிடிக்காவிட்டால் நாசர் துபாய். அவன் மச்சான் அங்கே ஒரு பிரஸ்ஸில் இடம் பார்த்து வைத்திருக்கிறார். நாசர் போனால் இந்தக் கடையை நான் ஒருத்தி இழுக்க முடியாது. பிள்ளையாரே, வியாழன்.

அக். 21, திங்கள். விஜயதசமி

நல்ல நேரம் பார்த்து மெஷினைப் போட்டேன். டி டிரைவ் இல்லை.

இல்லை என்றால் இல்லவே இல்லை. அப்படி ஒன்று கிடையாது என்கிறது. எங்கள் வேலையெல்லாம் அதில். நாசரின் எழுத்து அதில். அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன்.

மத்தியானம் ஆம்பூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து நாசரே போன் பண்ணினான், பூஜை நல்லபடியா ஆச்சா என்று கேட்க. சொன்னேன்.

"டி டிரைவு வரலையா? கேபிள் லூஸா இருக்கும்க்கா. கடைசியா என்ன பண்ணீங்க?"

"க்ளீன் பண்ணேன். சி-ல பெருசா ஒரு குப்பை ஃபைல் மறைஞ்சிண்டு இருந்தது. அத எடுத்துட்டேன்."

பின்னால் பஸ் ஹாரன். அப்புறம் மெதுவாக, "கடைசில மூணு சைபரா?"

"ஆமா."

"அதாங்க்கா டி டிரைவு."

டி என்று தனியாக ஒரு டிஸ்கே கிடையாதாம். இடம் இரட்டிப்பாகும் என்று போன வருஷம் நாசர் ஒரு மென்பொருள் போட்டானே, அது எல்லாவற்றையும் அமுக்கி ஒரே ஃபைலாக சி-க்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, அந்த ஃபைலைத்தான் இன்னொரு டிஸ்க் மாதிரி நமக்குக் காட்டிக்கொண்டிருந்ததாம். நான் அழித்தது அதை.

"பயப்படாதீங்க. அழிச்சத திருப்பி எடுத்துரலாம். அதுக்கப்புறம் மெஷின்ல ஒண்ணும் பண்ணலல்ல? டீஃப்ராக் கீஃப்ராக்?"

சனிக்கிழமையே அந்தக் கட்டங்கள் நகர்ந்து நகர்ந்து, அழித்த இடத்தின் மேலேயே போய் உட்கார்ந்தாயிற்று.

"அக்கா?"

லைன் கட். தானாகப் போயிற்றா, அவன் வைத்துவிட்டானா, தெரியவில்லை.

ராத்திரி ரசத்தில் உப்பே போடவில்லை போலிருக்கிறது. இவர் தானே எழுந்துபோய் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். என் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

அக். 22, செவ்வாய்

நாசர் பஸ்ஸிலிருந்து நேரே கடைக்கு. தோள் பையைக்கூட இறக்கவில்லை. திட்டுவான் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

பேக்கப் பெட்டியைத் திறந்தான். கம்மென்று சந்தன வாசனை.

"இதுக்குமா வச்சீங்க?"

"எல்லாத்துக்கும் வச்சேன்டா."

தகட்டுக்கு அடியில் இறங்கிக் காய்ந்திருக்கிறது. முதல் ஃப்ளாப்பி ஓடியது. இரண்டாவது கர்ர்ர். எல்லாம் ஒரே கட்டாகச் சேர்த்து எழுதியதாம், ஒன்று போனால் மொத்தமும் போச்சாம். நாசர் சிரித்தான். சத்தியமாகச் சிரித்தான், கண்ணில் தண்ணீரோடு. எனக்கு எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

திடீரென்று அவனுக்கு ஞாபகம் வந்தது. அடையாறுக்காரருக்குக் காட்ட எல்லா எழுத்தும் போட்டு ஒரு மாதிரிப் பக்கம், அச்சுக்கு ஃபிலிம் எடுக்க ராயப்பேட்டையில் கொடுத்திருந்தான். கொடுத்த ஃபைலுக்குள்ளேயே எழுத்தும் இருக்கும். ஆட்டோ பிடித்து ஓடினோம், பாதி நனைந்து.

ஃபிலிம் கடைக்காரர்: "ஃபிலிமு ரெடியா கீது நைனா. ஃபைலா? சனிக்கிழமதான் மெஷின்ல இருந்தத எல்லாம் தொடச்சு வுட்டோம். பூசை இல்ல?"

ஊரே துடைத்திருக்கிறது.

ஆக மிச்சம் அந்த ஒரு ஃபிலிம். எழுத்து அதில் படமாகத்தான் இருக்கிறது, கீபோர்டில் தட்டினால் வராது. ஒவ்வொன்றாகத் திரும்ப வரைய வேண்டும், மாதக்கணக்கில். அடையாறுக்கு நாசரே போன் பண்ணினான். "வியாழக்கிழமை வேணாம் சார். பொங்கலுக்கு அப்புறம் காட்டறோம்." அந்தப் பக்கம் என்ன பதில் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அக். 23, புதன்

விடாத மழை. செருப்பு அறுந்தது. வாடிக்கைக்காரர் ஒருவரும் இல்லை. நாசர் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். கேட்டே விட்டேன்.

"இப்ப துபாய்க்குப் போயிடுவியா?"

"அது போன மாசமே முடிவாயிடுச்சுக்கா. பாஸ்போர்ட் குடுத்தாச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அப்போ அடையாறு? இந்த எழுத்து?"

"அது உங்களுக்குக்கா. நான் போனா கடை ஓடணும்ல? உங்க பேரச் சொல்லித்தான் அவர்கிட்ட பேசி வச்சிருந்தேன்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவனுடையதை அழித்துவிட்டேன் என்றுதான் இத்தனை நேரமும் செத்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று விட்டுப்போக வைத்திருந்ததாம். போகிறவன் யோசித்திருக்கிறான், இருக்கிறவள் துடைத்திருக்கிறேன். அழக்கூட வரவில்லை. தண்ணீர் குடித்தேன். அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன்.

இவரிடம் சொன்னேன். "நல்ல பையன்டி" என்றார். அவ்வளவுதான்.

அக். 24, வியாழன்

வெயில். சனியன், இன்றைக்குப் பார்த்து.

நாசர் ஃபிலிமை ஸ்கேன் பண்ணி அ-வில் ஆரம்பித்துவிட்டான். விசா வரும்வரை முடிந்தது அவன், மீதி நான். மௌஸால் வளைவைச் சுற்றிப் புள்ளி வைக்க வேண்டும். என் 'அ' பானை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

"பரவால்லக்கா. தொப்பைய மட்டும் கொஞ்சம் கொறைங்க."

சாயங்காலம் புது ஃப்ளாப்பிப் பெட்டி வாங்கி வந்தான். மூடியில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிட்டு டீ வாங்கப் போனான்: சந்தனம் வைக்காதீங்க அக்கா.

சிரித்தேன். அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். அந்த உருண்டை, 'ச'வின் மூக்கு, ககரத்தின் சுழி. ஃபிலிமில் இருப்பது அப்படியே. ஏதோ மெஷினில் புதிதாகக் கண்டுபிடித்த எழுத்து என்று இருந்தேன். இது இவன் கையெழுத்து. இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து பில் எழுதியிருக்கிறான், நான் கவனித்ததே இல்லை.

நாசர் டீயோடு வருவதற்குள் தாளைக் கிழியாமல் உரித்து ஸ்கேனரில் வைத்தேன். மெஷினில் இடத்துக்கு இப்போது குறைச்சலே இல்லை.